தகரப்பேணியும் மனிதனின் நாவும்

பசி ருசி அறியாது என்பது எம்மவர் பழமொழி. பசித்தவன் தன்முன் வைக்கப்பட்ட உணவின் தரத்தை ஆராய்ந்து கொண்டிருப்பதில்லை என்பது அதன் பொருள். ஆயின் இப்பழமொழி பாதி உண்மையையே கூறுகின்றது. பசியோடு உண்ட உணவு, பசி தீர்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் நாவில் தங்கிவிடுவதுண்டு. அன்று வேறு வழியின்றி உண்டதை மனிதன் பின்னர் விரும்பி உண்கின்றான். தன் பிள்ளைகளுக்கும் ஊட்டுகின்றான். திருநாட்களில் உறவினர்க்குப் பரிசாகவும் அனுப்புகின்றான். பசி ருசியை அறியாதிருக்கலாம். ருசியைப் பிறப்பிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

இங்ஙனம் பிறந்த ருசி யாருடையது? அது மக்களின் சொந்த விருப்பமா, அன்றி அவர்கள்மீது சுமத்தப்பட்ட ஒன்றா? அதனை மதிப்பது முறையா, இகழ்வது முறையா? இவை சமையலறையின் வினாக்கள்போலத் தோன்றினும், மனித சுதந்திரம் பற்றிய வினாக்களேயாகும். இவற்றை வெறும் தத்துவ வாய்பாடுகளாக வைத்து விவாதிப்பதிலும் பார்க்க, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வது நன்று. அப்பொருள் ஸ்பாம் என்னும் பெயர் கொண்ட, பன்றியிறைச்சி அடைத்த தகரப்பேணி.

உணவைப் பேணியில் அடைக்கும் கலை போர்க்களத்தின் தேவையினாலே தோன்றியது. பிரான்சிய அரசு, உணவு கெடாது காக்கும் வழியைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசளிப்பதாக 1795ஆம் ஆண்டில் அறிவித்தது. தூரதேசங்களிற் போரிடும் படைகளுக்கு உணவு கொண்டுசெல்வதே அதன் நோக்கம். நிக்கொலா அப்பேர் என்பார் உணவைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, காற்றுப் புகாது மூடி, கொதிநீரில் வேகவைத்துக் காக்கும் முறையைக் கண்டு, 1810இல் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டுராண்ட் என்பார் தகரப் பாத்திரத்துக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். சில ஆண்டுகளுள் பிரித்தானியப் படைகளுக்குத் தகரப்பேணி உணவு வழங்கப்படலாயிற்று. உணவு ஏன் கெடுகின்றது என்பதற்கான விஞ்ஞான விளக்கத்தைப் பாஸ்ரர் தருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பேணி படையோடு நடக்கத் தொடங்கிவிட்டது.

ஸ்பாமின் பிறப்பிடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஓஸ்டின் என்னும் சிறு நகரம். அங்கு 1891இல் ஜோர்ஜ் ஹோர்மல் என்பார் இறைச்சி ஆலையொன்றை நிறுவினார். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில், 1933 நவம்பரில், அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஆலையையே தம்வசப்படுத்திக்கொண்டனர். அந்நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் ஆலைக்குள்ளேயே இருந்து நடத்திய வேலைநிறுத்தங்களுள் முற்பட்டவற்றில் ஒன்றாக இது எண்ணப்படுகின்றது. மாநில ஆளுநர் புளொயிட் ஒல்சன் படையை ஏவாது சமரசம் பேசினார். அதன்பின் வந்த ஆண்டுகளில் நிறுவனரின் மகனான ஜே ஹோர்மல், ஆண்டு முழுவதற்கும் உறுதியான சம்பளம் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். முதலாளியின் கருணை என்று பின்னர் புகழப்பட்டதன் பின்னணியில் தொழிலாளரின் ஒன்றுபட்ட கரம் இருந்தமையை மறந்துவிடலாகாது.

1937 ஜூலை 5ஆம் நாள் ஸ்பாம் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளடக்கம் எளியது: பன்றியின் தோட்பட்டை இறைச்சி, தொடை இறைச்சி, உப்பு, நீர், சீனி, நிறமும் பாதுகாப்பும் தரும் சோடியம் நைத்திரைற்று. தோட்பட்டை இறைச்சியோ எலும்பிலிருந்து பிரித்தெடுக்க நேரம் பிடிப்பது. சந்தையில் அதிகம் விலைபோகாதது. அவ்விறைச்சியை அரைத்து, 12 அவுன்ஸ் பேணியில் அடைத்து, பேணிக்குள்ளேயே வேகவைத்தமையே புதிய உத்தி. குளிர்பெட்டி வேண்டியதில்லை; சமையற்காரன் வேண்டியதில்லை; பண்டிகைநாள் தொடையிறைச்சி வாங்க வசதியற்ற குடும்பத்தின் மேசைக்கும் அது வந்து சேர்ந்தது. பெயர் சூட்டும் போட்டியொன்றில் கென்னத் டேனியோ என்னும் நடிகர் ஸ்பாம் என்ற பெயரைச் சொல்லி நூறு டொலர் பரிசு பெற்றார்.

ஒரு நாட்டின் வீட்டுப் பொருளாகத் தோன்றிய இதனை உலகப் பொருளாக்கியது இரண்டாம் உலகப் போர். போர் முடிவதற்கு முன் அமெரிக்கப் படை வாங்கிய ஸ்பாம் 15 கோடி றாத்தலுக்கு மேற்பட்டது என்பர். 1941 மார்ச்சில் நிறைவேறிய கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ்ப் பிரித்தானியாவுக்கும் சோவியத்து நாட்டுக்கும் பேணி இறைச்சி கப்பல் கப்பலாகச் சென்றது. உக்ரேனின் வளமிக்க விளைநிலங்களை நாசிகள் கைப்பற்றியிருந்த வேளையில், இவ்விறைச்சி இல்லாவிடின் படைக்கு உணவளித்திருக்க முடியாது என்று குருசேவ் தமது நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கின்றார். ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனையைத் திறவாது நேசநாடுகள் காலங்கடத்தியபோது, சோவியத்துப் போர்வீரர் அமெரிக்கப் பேணிகளுக்கே இரண்டாவது போர்முனை என்று பெயரிட்டு நகைத்தனர். அந்நகைப்பில் நன்றியும் கசப்பும் ஒருங்கே இருந்தன. இரத்தம் ஒருவர் சிந்த, இறைச்சி மற்றவர் அனுப்பினார் என்பது அதன் உட்பொருள். எனினும், பாசிசத்தை முறியடித்த கரங்களுக்கு இப்பேணியும் வலுவூட்டியது என்பதை மறுப்பது நேர்மையாகாது.

பிரித்தானியாவில் இறைச்சிப் பங்கீடு 1940இல் தொடங்கி 1954 ஜூலை வரை நீடித்தது. அங்கு ஸ்பாம் நெருக்கடிக்காலத் துணையாயிற்று. நெருக்கடி நீங்கியதும் அது கேலிப்பொருளுமாயிற்று. 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவொன்று, எந்த உணவைக் கேட்டாலும் ஸ்பாமையே கொண்டுவரும் உணவுச்சாலையைக் காட்டிச் சிரிக்கவைத்தது. அச்சிரிப்பிலிருந்தே, கேளாமல் வந்து குவியும் மின்னஞ்சற் குப்பைக்கும் இப்பெயர் வந்தது. ஒரு காலத்தில் உயிர்காத்த உணவின் பெயர் குப்பையின் பெயராக மாறிய வரலாறு இது.

ஆனால் பசிபிக் சமுத்திரத்தின் கரைகளில் எவரும் அதனைக் குப்பை என்று கூறுவதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேணிகள் உண்ணப்படுகின்றன. அமெரிக்க மாநிலங்களுள் ஆள்வீதம் மிகக்கூடிய நுகர்வு அங்கேதான். போர்க்காலத்தில் அங்கு இராணுவச் சட்டம் நிலவியது. யப்பானிய வம்சத்து மீனவர் ஐயத்துக்கு உள்ளாயினர். ஆழ்கடலுக்குச் செல்ல அவர்களுடைய படகுகள் தடுக்கப்பட்டன. கடல்சூழ்ந்த தீவில் மீன் அரிதாயிற்று. கப்பலில் வந்த பேணி பெருகிற்று. பின்னர் அதே யப்பானிய வம்சத்தவரின் கைப்பழக்கத்தால், சோற்றுக்கட்டியின் மேல் பொரித்த ஸ்பாமை வைத்துக் கடற்பாசித் தாளாற் சுற்றிய முசுபி என்னும் தின்பண்டம் தோன்றியது. இன்று அது அத்தீவுகளின் அடையாள உணவு.

ஒக்கினாவாவின் கதை இதனினும் கொடியது. 1945இல் அங்கு நிகழ்ந்த போரில் ஓரிலட்சத்தை அண்டிய பொதுமக்கள் மாண்டனர். பன்றி வளர்ப்பில் நெடிய மரபுடைய அத்தீவின் தொழுவங்கள் அழிந்தன. 1972 வரை தீவை ஆண்ட அமெரிக்க இராணுவத்தின் பண்டசாலைகளிலிருந்து பேணிப் பன்றியிறைச்சி வந்தது. ஒக்கினாவா மக்கள் அதனைத் தம் பாகற்காய்ப் பொரியலில் இட்டுக்கொண்டனர்.

கொரியாவிலோ, 1950 முதல் 1953 வரை நடந்த போரின் பின், இராணுவ முகாம்களிலிருந்து கசிந்த ஸ்பாமையும் கொத்திறைச்சிக் குழல்களையும் கிம்ச்சியோடும் மிளகாய்க் குழம்போடும் கொதிக்கவைத்து உண்டனர். படைமுகாம்க் குழம்பு என்று பொருள்படும் புடே-சிகே என்பது அதன் பெயர். அமெரிக்க முகாம்கள் செறிந்திருந்த உய்ஜொங்பு நகரில் அதற்கெனவே ஒரு வீதி உண்டு. 1987இல் தென்கொரியாவிலேயே உரிமம் பெற்று ஸ்பாம் தயாரிக்கப்படலாயிற்று. இன்று சுசொக் என்னும் அறுவடைத் திருநாளில் அழகிய பெட்டிகளில் அடுக்கப்பட்ட ஸ்பாம் பேணிகள் மரியாதைப் பரிசாக வழங்கப்படுகின்றன.

இவ்வரலாற்றை முன்வைத்து எமது வினாவுக்குத் திரும்புவோம். மூன்று விடைகள் எம்முன் நிற்கின்றன.

முதலாவது, வணிகரின் விடை. மக்கள் வாங்குகின்றனர், ஆதலின் விரும்புகின்றனர், ஆதலின் அது நல்லது. விருப்பத்தின் வரலாற்றை இவ்விடை மறைத்துவிடுகின்றது. படகு தடுக்கப்பட்ட மீனவனும் தொழுவம் எரிந்த உழவனும் முகாமின் வேலியோரம் காத்துநின்ற தாயும் கடையில் நின்று இதுவோ அதுவோ என்று தெரிவு செய்தவர்களல்லர். ஒரு கதவைத் தவிர ஏனைய கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டு, இவர் இக்கதவையே விரும்பினார் என்று கூறுவது தருக்கமாகாது.

இரண்டாவது, இரசிகமணிகளின் விடை. இது கீழான சுவை. பண்பாடற்றோரின் உணவு என்பர். உணவைப் பழிப்பது போலத் தோன்றினும், இவ்விடை உண்பவரையே பழிக்கின்றது. வறுமை கற்பித்த சுவையை வறுமையறியாதவன் எள்ளி நகையாடுவது, ஒருவனைச் சேற்றில் தள்ளிவிட்டு அவன் உடையின் அழுக்கைச் சுட்டிக்காட்டுவதை ஒக்கும். அன்றியும், முகாமிலிருந்து வந்த பேணியைத் தன் கிம்ச்சியோடு சேர்த்துப் புதியதோர் உணவாக்கிய கொரியத் தாயின் கற்பனையை இவர்கள் காண்பதில்லை. வரலாறு அவள் கையில் கொடுத்ததை அவள் அப்படியே விழுங்கிவிடவில்லை. தன் அடுப்பில் ஏற்றித் தன்னுடையதாக்கினாள். மக்கள் வெறும் வாயும் வயிறும் மாத்திரமல்லர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது விடை எம்மணியினருள்ளேயே சிலர் கூறுவது. இது ஏகாதிபத்தியத்தின் உணவு; படைமுகாமின் வழியே வந்தது; ஆதலின் விலக்கத்தக்கது என்பர். நெஞ்சைக் கவரும் இவ்விடையையே நாம் அதிக கவனத்தோடு சோதித்தல் வேண்டும். வந்த வழியைக் கொண்டு ஓர் உணவை விலக்குவதாயின், எமது கறிச்சட்டியிலிருந்து முதலில் வெளியேற வேண்டியது மிளகாய். அமெரிக்கக் கண்டத்திற் பிறந்த அச்செடியைப் போர்த்துக்கேயரே ஆசியாவுக்குக் கொண்டுவந்தனர். பீரங்கியும் மதமாற்றமும் வந்த அதே வழியில் மிளகாயும் வந்தது. கொரியரின் கிம்ச்சியைச் சிவப்பாக்குவதும் அதே மிளகாயே. இன்று யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை அந்நியப் பொருள் என்று எவரும் கூறத் துணியார். எனவே, பிறப்பிடத்தை மாத்திரம் கொண்டு ஒரு சுவையை எமது என்றோ அந்நியம் என்றோ தீர்த்துவிட முடியாது.

அங்ஙனமாயின் மிளகாய்க்கும் பேணிக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு. மிளகாய் விதையாக வந்தது. விதையை எவரும் வீட்டுக் கோடியில் ஊன்றலாம்; மறுவருடம் அதன் விதையே போதும்; கொண்டுவந்தவனின் தயவு பின்னர் வேண்டியதில்லை. பேணியோ பண்டமாக வந்தது. ஒன்றைத் தின்று தீர்த்தால் மற்றொன்றை வாங்கவேண்டும். விலையை நிர்ணயிப்பவன் வேறொருவன். கப்பல் வராவிடின் சட்டி காலி. முன்னது கைக்குத் திறனைத் தந்தது. பின்னது நாவுக்குப் பழக்கத்தைத் தந்து கையைச் சும்மா விட்டது. ஓர் உணவு ஒரு மக்களுக்குச் சொந்தமாவது அதனை அவர்கள் விரும்பத் தொடங்கும் நாளில் அன்று. அதன் ஆக்கத்தின்மீது அவர்களுக்கு அதிகாரம் வாய்க்கும் நாளிலேயே.

தென்கொரியாவில் 1987 முதல் அது உள்நாட்டிலேயே ஆக்கப்படுகின்றதே, அப்படியானால் அது அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டதா என்று கூர்மையான மாணவர் ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானது. ஆலை நாட்டின் எல்லைக்குள் வந்துவிட்டதென்பது உண்மை. ஆனால் ஆலை எவர் கையில் உள்ளது என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. இவ்விடத்தில் எமது பிரச்சினை தேசத்தின் எல்லையைத் தாண்டி உழைப்பின் எல்லைக்குள் புகுகின்றது. அதனை விளக்குவதற்கு ஸ்பாம் பிறந்த ஊருக்கே திரும்புதல் தகும்.

1933இல் ஆலையைக் கைப்பற்றிய தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அரை நூற்றாண்டின் பின் அதே நகரில் மீண்டும் போராட நேர்ந்தது. 1984இல் ஓஸ்டின் ஆலையில் மணித்தியாலச் சம்பளம் 10.69 டொலரிலிருந்து 8.25 டொலராகக் குறைக்கப்பட்டது. 1985 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,500 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1986 ஜனவரியில் மாற்றாட்களைக் கொண்டு ஆலை திறக்கப்பட்டது. ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்பினார். 1933இல் சமரசம் பேசிய அதே பதவியின் நாற்காலி இம்முறை துவக்குகளை அனுப்பியது. தாய்ச் சங்கமே உள்ளூர்ச் சங்கத்தின் நிருவாகத்தைப் பறித்துக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்தோருட் பெரும்பாலானோர் தம் வேலையைத் திரும்பப் பெறவில்லை.

அந்த ஆலையை அடுத்து, அதற்கு இறைச்சி வழங்கும் பன்றி வெட்டும் ஆலையொன்றில் 2007இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. அழுத்தமூட்டிய காற்றைச் செலுத்திப் பன்றித் தலையிலிருந்து மூளையைப் பிரிக்கும் மேசையின் அருகே வேலைசெய்தோருக்குக் கால்கள் மரத்தன, நடை தளர்ந்தது. காற்றிற் பறந்த நுண்துளிகளைச் சுவாசித்தமையால் அவர்களின் உடலே தன் நரம்புகளைத் தாக்கியது என்று மருத்துவர் கண்டறிந்தனர். நோயுற்றோரிற் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைப்புத்தேடி வந்தவர்கள். அம்மூளை ஸ்பாம் பேணிக்குள் செல்லவில்லை என்பதை நாம் தெளிவாகக் கூறவேண்டும். உண்பவருக்கு அதனால் ஆபத்து எதுவுமில்லை. ஆதலினாற்றான் உண்பவர் அதனைப் பற்றி அதிகம் கேள்விப்படவுமில்லை.

இஃது ஒரு பழைய துயரம். சிக்காகோ இறைச்சி ஆலைத் தொழிலாளரின் அவலத்தை உலகம் அறியவேண்டும் என்று கருதி அப்டன் சின்கிளயர் 1906இல் காடு என்ற பொருள்படும் நாவலை நூலாக வெளியிட்டார். அதைப் படித்த நடுத்தர வர்க்கத்தார் கொதித்தெழுந்தனர். ஆனால் அவர்கள் கொதித்தது தம் தட்டில் விழும் இறைச்சியின் அசுத்தத்தைக் கண்டே. அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. தொழிலாளரின் நிலையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. வாசகரின் இதயத்தைத் தொட முயன்றவர் அவர்களின் வயிற்றையே தொட்டார் என்பதனை அவரே வருத்தத்தோடு கூறினார். உண்பவனின் அறம் பெரும்பாலும் தன் வாயின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றது.

எனவே, சுவையின் சுதந்திரம் என்பது மூன்று நிபந்தனைகளை வேண்டிநிற்கின்றது எனலாம். மறுப்பதற்கு வேறொன்று இருத்தல் வேண்டும். உண்பது யாதென்றும் அஃது உடலுக்கும் நாட்டுக்கும் என் செய்யும் என்றும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை ஆக்குவோரின் கை கட்டுண்டிராதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத விடத்து விருப்பம் என்ற சொல் வெறும் மேலுறை. நெடிய ஆயுளுக்குப் பேர்போன ஒக்கினாவா, 2000ஆம் ஆண்டின் கணக்கில் ஆண்களின் ஆயுளைப் பொறுத்தவரை யப்பானிய மாநிலங்களுள் 26ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. அதற்கு ஒரு பேணியை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. ஆனால் ஆக்கிரமிப்பு, நிலத்தையும் ஆட்சியையும் மாற்றுவதோடு நின்றுவிடாது குருதிக் குழாய்வரை சென்று எட்டக்கூடியது என்பதை அவ்வீழ்ச்சி உணர்த்துகின்றது. கொடி இறக்கப்பட்ட பின்னரும் உணவு எஞ்சியிருந்தது.

இக்கதை எங்கோ தூரத்துத் தீவுகளின் கதை என்று எமது வாசகர் எண்ண வேண்டியதில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும், பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையின் சட்டியில் கோதுமை மா வந்து விழுந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கு அமெரிக்கன் மா என்றே பெயர் நிலைத்தது. எமது பெண்கள் அதனை அவித்து, அரித்து, புட்டாகவும் இடியப்பமாகவும் ஆக்கினர். கொரியத் தாயின் அதே கைத்திறன். பாணும் எமது காலையுணவாயிற்று. மா உள்நாட்டு ஆலையில் அரைபட்டாலும் கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, பாணின் விலை ஏழையின் கைக்கு எட்டாது உயர்ந்தமையை நாம் கண்டோம். பாணை விரும்பியது எவர் குற்றமுமன்று. ஆனால் எமது விருப்பத்தின் சாவி எமது மடியில் இல்லை என்பதை அவ்வாண்டு காட்டித் தந்தது.

ஆசிரியர்களாயும் மாணவர்களாயும் உள்ள எமக்கு இதனின்று கிடைக்கும் கடமை எளியது, ஆயினும் இலேசானதன்று. பிறர் உண்பதைப் பார்த்துச் சிரியாதிருத்தல் அதன் முதற்படி. மதிய இடைவேளையில் பேணி மீனோ வெறும் பாணோ கொண்டுவரும் பிள்ளையின் முன் உணவின் உயர்வு தாழ்வு பேசுவது கல்வியாகாது. அந்தப் பாணும் பேணியும் எங்கிருந்து, எவர் உழைப்பால், எந்த விலையில், எந்தப் போரின் பின்னால் வந்தன என்று அப்பிள்ளையோடு சேர்ந்து வினவுதலே கல்வி. தன் உணவைப் பற்றி வெட்கப்படக் கற்ற பிள்ளை அதனை மறைக்கும். அதன் வரலாற்றைக் கற்ற பிள்ளையோ அதனை மாற்றும் வழியைத் தேடும்.

மக்கள் தாம் விரும்புவதை விட்டுவிடல் வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஒக்கினாவாவின் பாகற்காய்ப் பொரியலும் உய்ஜொங்புவின் குழம்பும் எமது அமெரிக்கன் மாப் புட்டும் துயரத்தினின்று மனிதன் மீட்டெடுத்த சுவைகள். அவற்றை உண்பதில் இழிவு எதுவுமில்லை. நாம் கோருவது, வேண்டாம் என்று சொல்லும் ஆற்றல் அவர்களுக்கு வாய்க்க வேண்டும் என்பதே. வேண்டாம் என்று சொல்லக்கூடியவன் வேண்டும் என்று சொல்லும்போதுதான் அச்சொல் அவனுடையதாகின்றது. அந்த நாளிலும் அவன் அதே பேணியைத் திறந்து உண்பானாயின், அதனை ஆக்கிய தொழிலாளியும் நிமிர்ந்த முதுகோடும் நோயற்ற நரம்போடும் தன் வீட்டில் உண்டுகொண்டிருப்பானாயின், அச்சுவையைப் பற்றி வழக்காட எமக்கு எதுவும் இராது.